பிள்ளையின் பரிசோதனையும் பெரியோர் கையும்

பிள்ளைகளுக்கு உதவி செய்தல் நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். பெற்றோர் உதவாவிடின் வேறு யார் உதவுவர் என்று கேட்பது உலக வழக்கு. ஆயினும், உதவி என்ற பெயரால் நாம் செய்யும் செயல்கள் யாவும் உதவியாகுமா என்பது ஆராயத்தக்க கேள்வியாகும். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுவது உதவி. வளர்ந்த பிள்ளையைத் தன் கையால் உண்ணப் பழக்குவதும் உதவி. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிக்கொண்டே இருப்போமாயின் அதற்கு அன்பென்று பெயரிட்டாலும் விளைவு கேடேயாகும். உணவு விஷயத்தில் இவ்வுண்மையை நன்கறிந்த நாம், அறிவு விஷயத்தில் அதனை அறவே மறந்துவிடுகிறோம்.

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் இந்நூற்றாண்டில் அறிவியல் விழா என்றொரு நல்வழக்கம் வேரூன்றியுள்ளது. அஸ்தி எனும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப் பள்ளி மாணவர்க்கென்றே இத்தகைய விழாக்களை நடத்தி வந்திருக்கிறது. மாணவர் தாமே ஒரு கேள்வியைத் தேர்ந்து, அதற்கு விடை இன்னதாக இருக்கக்கூடுமெனக் கருதுகோள் வகுத்து, பரிசோதனை செய்து, கண்டதை நடுவர் முன் விளக்கவேண்டும். மலாக்கா மாநிலத்தில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதனினும் சிறந்த பயிற்சி கிடைப்பது அரிது. மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் கல்வியிலே ஊறிப்போன நமக்கு, "நீயே கண்டு சொல்" என்னும் கல்வி புதிது.

ஆனால் நடப்பது என்ன? விழா நெருங்குகிறது. தந்தை கடைக்குச் சென்று ஆயத்தமாய் விற்கும் மாதிரிப் பொருளொன்றை வாங்கி வருகிறார். படம் வரையத் தெரிந்த மாமா அட்டையை அழகு செய்கிறார். விளக்கவுரையைப் பெரியவர் ஒருவர் எழுதித் தருகிறார். பிள்ளை அதனை நெட்டுருப் போடுகிறது. நடுவர் கேட்கிறார், பிள்ளை தடையின்றி ஒப்புவிக்கிறது, பதக்கம் வருகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. வீட்டாருக்கும் பள்ளிக்கும் பெருமை. அப்பெருமைக்கு நடுவே, அப்பதக்கம் தன்னுடையதன்று என்பதை உள்ளூர அறிந்த ஒருவர் உண்டு. அவர் அப்பிள்ளையே. பெரியவர்களே இப்படிச் செய்யச் சொல்லும்போது இதில் தவறில்லை போலும் என்ற பாடத்தை அது அன்று கற்றுக்கொள்கிறது. விஞ்ஞானம் கற்பிக்க நடந்த விழாவில் அது கற்றது பொய்ம்மையை.

இவ்விடத்தில் நியாயமான தடையொன்று எழும். "நகரத்துப் பிள்ளைக்குப் படித்த தந்தை உண்டு, தனிப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் உண்டு, கணினி உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன உண்டு? விடியுமுன் வேலைக்குப் போய் அலுத்து வரும் தாய்தந்தையர் உண்டு. உதவி கூடாதென்று நீர் உபதேசிப்பது ஏழைப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளுவதாகாதா?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கலாகாது. தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் நின்று போட்டியிடும்போது, ஒருவருக்கு உள்ள வசதி மற்றவருக்கு இல்லாதிருப்பது அநீதியே.

ஆயின் இத்தடைக்கு விடை காணவேண்டுமானால், உதவியை இருவகையாகப் பிரித்தறிதல் அவசியம். ஒன்று சாதன உதவி: இடம், பொருள், நேரம், அளவுகோல், கடிகாரம், ஆபத்தினின்று காவல் ஆகியவை. மற்றொன்று முடிவு உதவி: கேள்வியைத் தாமே தேர்தல், விடையைத் தாமே சொல்லுதல், எண்களைத் தாமே எழுதுதல். முன்னதை எல்லாப் பிள்ளைக்கும் குறைவின்றித் தரவேண்டும்; பெற்றோரால் இயலாவிடில் பள்ளியும் ஊர்ச் சங்கமும் தரவேண்டும். பின்னதை எப்பிள்ளைக்கும் தரலாகாது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குந்தான். இவ்விரண்டும் ஒழுங்காக நடைபெறுமாயின் தோட்டத்துப் பிள்ளை தாழ்ந்து நிற்கக் காரணமில்லை. ஏனெனில் கேள்வி கேட்கும் ஆற்றலைக் கடையில் விற்பவர் எவருமிலர்.

மலாக்காவின் மண்ணுக்கே இவ்விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்து சென்ற பால்மர விதைகளின் கன்றுகளில் 22, 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ஹென்றி ரிட்லி, அம்மரங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டார்: மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எங்ஙனம்? பட்டையைக் கோடரியால் கொத்துவது பிரேசிலின் பழைய முறை. அதனால் மரம் பெருங்காயமுற்றது. ரிட்லி அவர்கள் மரத்தை மெல்லச் சீவிப் பார்த்தார். முன்னர்ச் சீவிய கோட்டிலேயே மறுமுறையும் சீவிப் பார்த்தார். காயம்பட்ட இடத்திலே மீண்டும் சீவச் சீவப் பால் குறையாமல் மிகுதலையும், மரம் பிழைத்திருத்தலையும் கண்டார். காப்பித் தோட்டத்தில் மூழ்கிக் கிடந்த துரைமார் அவரைப் பித்தர் என்று எள்ளினர். அவர் பேச்சை நம்பியவருள் முதல்வர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் என்னும் சீனர். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். வணிக நோக்கில் எழுந்த மலாயாவின் முதற் பால்மரத் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசஹானிலும் அவர் பெருந்தோட்டம் எழுப்பினார்.

அதன்பின் அம்மரங்களைச் சீவ வந்தவர் யார்? நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியும் ஏந்தி, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைத் தொட்டுப் பழகியவர் அவர்கள். எம்மரம் சோர்ந்தது, எம்மரம் நன்கு கறக்கும், மழைக்குப்பின் பால் எங்ஙனம் ஒழுகும் என்பன அவர் கைக்குத் தெரியும். வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் மிகுதி என்பதை அவர்கள் நாள்தோறும் கண்டனர். பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்களின் உள்ளழுத்தம் வைகறையில் மிகுந்து, வெயில் ஏற ஏறக் குறைவதே அதன் காரணம். இக்காரணத்தை அவர்க்கு எடுத்துச் சொன்னவர் அரியர், "நீ கண்டது என்ன?" என்று அவர்களைக் கேட்டவர் அவரினும் அரியர். உழைப்பு நம்மவருடையதாகவும் கேள்வி பிறருடையதாகவும் இருந்த காலம் அது. அக்காலத்தைப் பிள்ளைகள் மேலும் நீட்டிக்க வேண்டுமா? பெரியவர் சொன்னதை ஒப்புவிக்கும் பிள்ளை, கங்காணி சொன்னதைக் கேட்டு நின்ற நிலையினின்று ஓரடியும் முன்னேறவில்லை.

ஆதலின், தோட்டத்துப் பிள்ளையின் பரிசோதனை அதன் வாசலிலிருந்தே தொடங்கட்டும். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எனினும் சிறுதோட்டக்காரரிடம் பால்மரம் இன்னும் உண்டு. ஒரு சிறுமி, "பாலை உறையச் செய்வதற்கு ஸ்டோரில் அமிலம் ஊற்றுகிறார்களே, நம் வீட்டுப் புளிப்புப் பொருள்களால் அது உறையாதா?" என்று கேட்டாளென்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல கேள்வி. ஸ்டோரில் ஊற்றும் பார்மிக் அமிலம் தோலைச் சுடும். அதைப் பிள்ளைகள் தொடலாகாது. வினிகர் எனும் காடி, எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் ஆகியவை அடுக்களையிலேயே உள்ளன.

இனித் திட்டம் வகுக்க வேண்டும். ஒரே அளவுள்ள நான்கு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் அன்று காலை எடுத்த பால் 50 மில்லிலிட்டர். முதற் கிண்ணத்தில் காடி, இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு, மூன்றாவதில் புளிக்கரைசல், நான்காவதில் வெறும் தண்ணீர். யாவும் 5 மில்லிலிட்டர். ஒரே முறையில் கலக்கி, ஒரே நிழலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை குச்சியால் தொட்டுப் பார்த்து நேரத்தைக் குறிக்கவேண்டும். மாற்றுவது ஒன்றே, மற்றவை மாறாதிருத்தல் வேண்டும். மாறிகள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுப்பதன் பொருள் இதுவே. தண்ணீர்க் கிண்ணம் எதற்கு என்று தாய் கேட்கலாம். புளிப்பே உறையச் செய்தது, வேறன்று என்று சொல்வதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமன்றோ? ஒருநாள் கண்டது தற்செயலாயிருக்கலாம். ஆகவே மூன்று நாள் செய்தல் நலம்.

புளிப்பு மிக்க கிண்ணங்களில் பால் விரைவில் உறையும். தண்ணீர்க் கிண்ணம் பாலாகவே நிற்கும். சிறுமி மகிழ்ச்சியுடன் உறங்கப் போகிறாள். மறுநாட் காலையில் பார்த்தால், தண்ணீர்க் கிண்ணமும் உறைந்து நாற்றமெடுத்துக் கிடக்கிறது! அவள் திகைக்கிறாள். "புளிப்பில்லையேல் உறையாது" என்று அட்டையில் எழுதியாயிற்றே. இனி என்ன செய்வது?

விஷயத்தின் உயிர்நிலை இதுவே. "நடுவர் அதைப் பார்க்கமாட்டார், அந்தக் கிண்ணத்தை எறிந்துவிடு" என்று ஒரு பெரியவர் சொல்லக்கூடும். "அம்மா, உறைந்தது உறைந்ததுதான், அதையும் எழுது, பிறகு ஏன் என்று பார்ப்போம்" என்று மற்றொருவர் சொல்லக்கூடும். இவ்விரு சொல்லுக்கும் இடையே அப்பிள்ளையின் ஒழுக்கம் தீர்மானமாகிறது. அதன் அறிவும் அங்கேதான் தீர்மானமாகிறது. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் கொண்டவை. அமிலம் அவ்விலக்கத்தை நீக்க, அவை ஒன்றுசேர்கின்றன. வெளியிலிருந்து அமிலம் ஊற்றாவிடினும், பாலில் வளரும் நுண்ணுயிர்கள் தாமே அமிலத்தை உண்டாக்குகின்றன. ஆதலின் ஓரிரவில் பால் தானாகவே உறைகிறது. மங்கில் விடுபட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாகக் கிடப்பதைப் பாட்டி அறிவாள். எறிந்துவிடச் சொன்ன அந்தக் கிண்ணமே பரிசோதனையின் தலைசிறந்த பாடத்தைத் தாங்கி நின்றது.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னோரால் உலக விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. ஒளி செல்வதற்கு ஈதர் என்ற ஊடகம் எங்கும் நிறைந்துள்ளது என்று அறிஞர் நம்பிய காலத்தில், 1887-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் அதனூடே பூமி செல்வதால் விளையும் வேறுபாட்டை அளக்க முயன்றனர். எதிர்பார்த்த வேறுபாடு தென்படவில்லை. அதனை அவர்கள் அங்ஙனமே வெளியிட்டனர். 1905-இல் ஈதர் தேவையில்லாத கொள்கையை ஐன்ஸ்டைன் வெளியிட்டபின், "தென்படவில்லை" என்ற அச்சொல்லின் பெருமை உலகுக்கு விளங்கிற்று. அவர்கள் எண்களைத் திருத்தி எழுதியிருந்தால் அதனால் பயனடைந்திருப்போர் யார்?

பெற்றோர் செய்யத்தக்கவை சில உண்டு. பிள்ளை, "ஏன்?" என்று கேட்டால், தெரியாதபோது "எனக்குத் தெரியாதடா, நாம் பார்த்துவிடலாமா?" என்று சொல்லுங்கள். தெரியாது என்பது இழுக்கன்று. தெரிந்ததாக நடிப்பதே இழுக்கு. எழுத்தறியாத பாட்டியும் இவ்வுதவியைச் செய்யலாம். கத்தி, நெருப்பு, அமிலம் ஆகியவற்றைப் பெரியவர் கையாளுக. பேனாவைப் பிள்ளை கையாளட்டும். அடித்தல் திருத்தலோடு கூடிய அதன் நோட்டுப் புத்தகத்தை அழகாகப் பெயர்த்தெழுதித் தரவேண்டாம். அதன் எழுத்து கோணலாயினும் அது உண்மையான சாட்சி. நகரத்துப் பிள்ளைக்கும் இஃதொக்கும்: மழைநீர், மலாக்கா ஆற்றுநீர், கடல்நீர் ஆகியவற்றில் பெரியவர் துணையோடு மூன்று ஆணிகளை இட்டு, துருவேறுவதை ஒரு திங்கள் குறித்துவரச் செலவென்ன ஆகும்?

பள்ளிகளுக்கும் நடுவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கண்ணைப் பறிக்கும் அட்டைக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குக் கூட்டுங்கள். "நீ நினைத்ததற்கு மாறாக நடந்தது எது?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். தானே செய்த பிள்ளைக்குச் சொல்ல ஏதேனும் இருக்கும். நெட்டுருப் போட்ட பிள்ளை விழிக்கும். இந்த ஒரு கேள்வி வழக்கமாகிவிடுமாயின், விலை கொடுத்து வாங்கிய பரிசோதனைகள் தாமே மறையும். தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் சமநிலையில் நிற்பர்.

நம் பிள்ளைகள் அனைவரும் விஞ்ஞானிகள் ஆகப்போவதில்லை, ஆகவேண்டுமென்பதும் இல்லை. ஆனால் அவர்கள் அனைவரும் நாளை வாக்களிப்பர், மருந்து வாங்குவர், பிறர் சொல்லும் ஆயிரம் செய்திகளைக் கேட்பர். "இதற்குச் சான்று என்ன? நானே பார்க்கலாமா?" என்று கேட்கும் பழக்கமும், தனக்குப் பாதகமான உண்மையையும் மறைக்காது எழுதும் நேர்மையும் அன்று அவர்களைக் காக்கும். பதக்கங்கள் அலமாரியில் கறுத்துப் போகலாம். பத்து வயதில் தன் கையால் எழுதிய மெய்யான எண்கள் தந்த துணிவு கறுக்காது. ஆதலின் பெற்றோர்களே, அடுத்த அறிவியல் விழாவின்போது கிண்ணத்தைக் கழுவிக் கொடுங்கள், கடிகாரத்தைக் கொடுங்கள், அருகில் இருங்கள். விடையை மட்டும் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள்.