விட்ட கம்பை மீண்டும் எடுக்கலாமா?

அஸர் தொழுகை முடிந்து, செட்டிகுளத்துக்கு வெளியே ஒரு வெங்காயப் பட்டறையின் நிழலில் நாங்கள் சிலர் அமர்ந்திருந்தோம். அறுவடை முடிந்து காடு வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெட்டவெளியில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர் கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பத்தாறு. இளமையில் சிலம்பத்தில் பேர் எடுத்தவர். பிழைப்புக்காக வளைகுடா சென்று, பதினெட்டு ஆண்டுகள் கழித்து ஊரோடு வந்து சேர்ந்தவர்.

“மாமா, ஒன்று கேட்க வேண்டும்” என்று தொடங்கினார். “போன வாரம் இந்தப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று கம்பை எடுத்தேன். நாலு சுற்றுக்குள் மூச்சு வாங்கியது. ஐந்தாவது சுற்றில் கம்பு கைநழுவி விழுந்துவிட்டது. பையன்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். தாடி நரைத்த பிறகு இதெல்லாம் எதற்கு? பழைய பேரோடு இருந்துவிடுவதுதானே மரியாதை? மார்க்கத்தில் இதற்கு ஏதாவது இடம் இருக்கிறதா?”

ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது கம்பைப் பற்றிய கேள்வி. உள்ளே போனால், நல்லதொரு பழக்கத்தைக் கைவிட்டு நெடுநாள் கழித்துத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொருவருடைய கேள்வியும் இதுதான். ஓதலை விட்டவர், தஹஜ்ஜுதை விட்டவர், உறவை விட்டவர் எல்லாரும் வாசற்படியில் நின்று இதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அன்று அவரிடம் கூறியதைச் சற்று விரித்து வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஒரு முதியவரைக் காண்போம். நாயகத் தோழர் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அம்பெய்வதில் தேர்ந்தவர்கள். முதுமையிலும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பெய்து பழகுவார்கள். இந்த வயதில் ஏன் இவ்வளவு சிரமம் என்று ஒருவர் கேட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட ஒரு சொல் இல்லாவிட்டால் இச்சிரமத்தைத் தாம் மேற்கொண்டிருக்கப் போவதில்லை என்று அவர்கள் விடை தந்தார்கள். அம்பெய்தலைக் கற்றுக்கொண்டு பின்னர் அதைக் கைவிட்டவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர், அல்லது அவர் மாறு செய்துவிட்டார் என்ற கருத்துடைய அந்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இதைக் கேட்டதும் நம் உறவினரின் முகம் வாடிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் கைவிட்டவராயிற்றே! ஆனால் இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், தகுந்த காரணம் ஏதுமின்றிக் கைவிட்டவருக்கே இக்கண்டனம் என்று தெளிவுபடுத்துகிறார்கள். பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் ஹலாலான உணவு தேடி, பாலை வெயிலில் உழைத்த மனிதருக்குக் காரணம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆகவே போன பதினெட்டு ஆண்டுகளுக்காக அவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. காரணம் இருந்த வரையில்தான் அது காரணம். ஊர் திரும்பிய பிறகு, உடலில் தெம்பும் மாலையில் ஓய்வும் இருக்கும்போது, பழைய காரணத்தையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பது நியாயமாகுமா?

ஹதீஸ் சொல்வது அம்பைப் பற்றியல்லவா, கம்புக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். ஆயுதப் பயிற்சி அனைத்தையும், நல்ல நிய்யத்து இருக்குமானால், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதனோடு சேர்த்தே பேசுகிறார்கள். பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் ஹபஷீகள் ஈட்டி கொண்டு விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பார்க்கும்படி இடம் தந்தார்கள். பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடமும் நன்மை உண்டு என்றும் அவர்கள் அருளியது நாம் அறிந்ததே. இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். பலம் குன்றியவரை மார்க்கம் ஒதுக்கித் தள்ளவில்லை.

ஆகவே, திரும்பலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. எதற்காகத் திரும்புகிறோம்?

இதற்கு ஒரு மனிதரின் வாழ்விலிருந்தே இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. உலகமே அறிந்த குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 1964இல் உலகப் பட்டம் வென்ற கையோடு தம் இஸ்லாத்தை அறிவித்தவர். 1967இல், வியட்நாம் போருக்கான படையில் சேர மாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. களத்தின் கதவு மூன்றரை ஆண்டுகள் அவருக்கு மூடப்பட்டது. 1970 அக்டோபர் 26 அன்று அட்லாண்டா நகரில் அவர் மீண்டும் களம் இறங்கினார். அன்று வென்றார். ஆனால் 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். பழைய கால்வேகம் அப்படியே திரும்பவில்லை. அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், தம்மைவிட இளையவரும் வலியவருமான ஜார்ஜ் ஃபோர்மனை எதிர்த்தபோது, ஓடி ஆடுவதை விட்டு, கயிற்றில் சாய்ந்து அடிகளைத் தாங்கிப் பொறுத்திருந்தார். எதிரி களைத்ததும் எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். போனதை நினைத்து ஏங்காமல், இருப்பதைக் கொண்டு புதிதாகக் கற்றுக்கொண்டவரின் வெற்றி அது.

இனி இரண்டாம் பாடம். 1979இல் ஓய்வை அறிவித்த அலி, 1980இன் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு அவர் நடத்திய காட்சிப் போட்டியைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்றும் இருப்பார்கள். அதே ஆண்டு அக்டோபரில், முப்பத்தெட்டாம் வயதில், நான்காம் முறையாகப் பட்டம் வெல்ல நாடி லாரி ஹோம்ஸை எதிர்த்தார். பத்துச் சுற்று முடிந்ததும் அவருடைய பயிற்சியாளரே போட்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. 1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் இருப்பது கண்டறியப்பட்டது. 2016இல் இறையடி சேர்ந்தார். அவருடைய நிய்யத்தை அல்லாஹ்வே அறிவான். அவரைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. ஆயினும் பார்ப்பவருக்குப் பாடம் உண்டு. முதல் தடவை அவர் திரும்பியது, தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட பணிக்கு. இரண்டாம் தடவை, காலம் கொண்டுபோய்விட்ட பழைய தம்மையே தேடிப் போனது போலத் தோன்றுகிறது. இழந்த பணிக்குத் திரும்ப வழி உண்டு. இழந்த வயதுக்குத் திரும்ப யாருக்கும் வழியில்லை.

குத்துச்சண்டையை நான் பரிந்துரைப்பதாக எவரும் எண்ண வேண்டாம். முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மக்காவின் ஃபிக்ஹு மன்றம் 1987இல் குத்துச்சண்டையை ஹராம் என்று முடிவு செய்ததும் அத்தகைய கேட்டைக் கருதியே. சிலம்பத்துக்கும் அந்த வரம்பு பொருந்தும். முகத்தை விட்டு விலகி அடிக்க வேண்டும். தொடையும் மறையும்படி ஆடை அணிய வேண்டும். மஃரிபு பாங்கு கேட்டால் கம்பைச் சாய்த்துவிட வேண்டும். வாத்தியாருக்கு எவ்வளவு மரியாதையும் தரலாம். ஆனால் ருகூவும் ஸுஜூதும் படைத்தவனுக்கு மட்டுமே உரியவை.

இனி அந்தச் சிரிப்புக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி முந்திவிட்டார்கள். சில காலம் கழித்து, உடல் சற்றுப் பருத்த பின், மீண்டும் ஓடினார்கள். இந்த முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். அதற்கு இது ஈடு என்று இன்முகத்தோடு கூறினார்கள். அபூதாவூதில் உள்ள இச்செய்தியை நமக்கு அறிவித்தவர்களே தோற்ற அன்னையவர்கள்தாம்! தம் உடல் பருத்ததையும் தாம் பிந்தியதையும் மறைக்காமல் உம்மத்துக்குச் சொன்னார்கள். நமக்கோ கம்பு ஒருமுறை கீழே விழுந்ததைத் தாங்க முடியவில்லை!

உண்மையில் அன்று விழுந்தது கம்பு மட்டுமா? “நான் ஒரு காலத்தில் யார் தெரியுமா?” என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து விழுந்தது. அது விழ வேண்டியதுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளுக்கு இன்று பதக்கமும் சான்றிதழும் காத்திருக்கின்றன. நாற்பத்தாறு வயதுக்காரருக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே அவருடைய நிய்யத்து தூய்மையாக அமைய வாய்ப்பு அதிகம். கைதட்டல் இல்லாத இடத்தில் செய்யப்படும் செயலே உள்ளத்தைச் சோதிக்கும் உரைகல்.

உடலும் ஓர் அமானிதம். அதற்கும் ஹக்கு உண்டு. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே மூச்சின் நீளம் குறையத் தொடங்கிவிடும். தசையின் வலு மெல்ல மெல்லக் குறையும். ஆனால் கை கற்ற சுழற்சியை மூளை பல ஆண்டுகள் மறக்காது. திரும்பி வருபவருக்கு ஆபத்து இதில்தான் இருக்கிறது. மனம் பழைய வேகத்தைக் கேட்கும். தசையும் சில வாரங்களில் ஓரளவு தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ தேற நெடுநாள் பிடிக்கும். அவசரப்பட்டால் தோளும் முழங்காலும் பழுதாகும். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாயினும் விடாது செய்யப்படுவதே என்ற நபிமொழியின் கருத்தை வணக்கத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், நம் மூட்டுகளுக்கும் சேர்த்துக்கொள்வோம்.

சிலம்பத்தில் கம்பைப் பிடிக்குமுன் காலடி பழக வேண்டும் என்பார்கள். திரும்பி வருபவருக்கும் அதுவே வழி. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அவர் ஆசைப்படுவார். அவர் தொடங்க வேண்டிய இடமோ தொடங்கிய இடம்தான். ஓதலை விட்டவர் கடைசியாக முடித்த ஜுஸ்உவைத் தேடாமல், அலிஃபை ஒழுங்காக உச்சரிப்பதிலிருந்து வரட்டும். குர்ஆன், கட்டிய ஒட்டகத்தைவிட விரைவாக நழுவிப் போகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நழுவியதைப் பிடிக்க வெட்கப்படுகிறவன் அதை என்றென்றைக்கும் இழந்துவிடுகிறான்.

அன்று நான் இவ்வளவும் சொல்லி முடிக்குமுன் மஃரிபு நெருங்கிவிட்டது. அவர் விடை எதுவும் கூறவில்லை. பத்து நாள் கழித்து அதே வழியாக வந்தேன். பிள்ளைகள் வரிசையாய் நின்று காலடி வைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில், கையில் கம்பு இல்லாமல், பத்து வயதுப் பையன்களுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். அவருடைய மகன் முன்வரிசையிலிருந்து திரும்பி, “அத்தா, இடது கால்!” என்றான். அவரும் இடது காலை எடுத்து வைத்தார். அன்று அந்தப் பிள்ளை தலை குனியவில்லை.

நாம் கைவிட்ட நன்மைகளுக்குத் திரும்பும் தௌஃபீக்கையும், திரும்பும்போது கடைசி வரிசையில் நிற்கும் பணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.