இறைவெளிப்பாடும் அதன் அளவைகளும்

முன்னுரை

தமக்கு இறைவன் வெளிப்பட்டான் என ஒருவர் கூறுமிடத்து, அதனைப் பிறர் மெய்யெனக் கொள்வதற்குரிய அளவுகோல் யாது என்பது இறையியலின் பழைய வினாவாகும். பாளையங்கோட்டையிற் பிறந்து, 1950 முதல் 1959 வரை பாலக்காட்டுக் கணவாயை அடுத்த கோயம்புத்தூரில் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயராக விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி (1891-1975), இவ்வினாவை மாணவப் பருவத்திலேயே எதிர்கொண்டார். அவர் கண்ட விடையைச் சைவ சித்தாந்த அளவையியலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மாணவரும் சாதுவும்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யோவான் நற்செய்தியை இந்தியப் பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆய்ந்த அப்பாசாமி, 1920இல் அங்கு வந்த சாது சுந்தர் சிங்கோடு உரையாடினார். ஸ்ட்ரீட்டர் என்னும் அறிஞருடன் இணைந்து 1921இல் சாதுவைப் பற்றி நூலும் வெளியிட்டார். சாது தம் பரவச நிலையிற் கண்ட காட்சிகளை உரைத்தார். பின்னர் ஐரோப்பிய அறிஞருள் ஒரு சாரார் அவர் கூற்றுகளை ஐயுற்றனர். மற்றொரு சாரார் ஏற்றனர். நேரிற் கண்ட ஒருவரின் அனுபவமே இவ்வாறு வழக்கிற்கு உரியதாயிற்று.

நான்கு அளவைகள்

அப்பாசாமி சுருதி, யுக்தி, அனுபவம் என்னும் இந்திய அளவைகளை ஏற்று, சபை என்பதனை நான்காவதாகச் சேர்த்தார். அனுபவத்தை மட்டும் கொள்ளின் எவர் கூற்றும் வெளிப்பாடாகிவிடும். சுருதியை மட்டும் கொள்ளின் இறைவன் இன்றும் உயிர்களோடு உறவாடுகிறான் என்னும் பக்தியின் அடிப்படையே தகர்ந்துவிடும். எனவே ஒன்றன் மிகையை மற்றொன்று திருத்துகிறது எனலாம்.

13ஆம் நூற்றாண்டினதாகிய சிவஞான சித்தியார் காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றில் அடக்குகிறது. அனுபவம் அங்குத் தனி அளவையன்று; தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி எனக் காட்சியின் வகைகளாகவே அமைகிறது. காட்சியாயினும் ஐயமும் திரிபும் நீங்கியதே அளவையாகும் என்பது சித்தாந்தத் துணிபு.

எழும் இடர்ப்பாடு

அனுபவம் அளவையாயின், நாயன்மார் அனுபவமும் அளவையாதல் வேண்டும். அனைத்துயிர்க்கும் ஒளியூட்டும் வார்த்தையே அவரிடத்தும் செயற்பட்டது என்றும், அதன் நிறைவு கிறிஸ்துவிடத்தது என்றும் கிறிஸ்தவர் விடையிறுப்பர். சைவர் இவ்வரிசை முறையை ஏலார். அவர்க்கு நிறைவு சிவாகமத்தின்கண் உள்ளது. சுருதியும் சபையும் சமயந்தோறும் வேறுபடுதலின், அளப்பவர் தத்தம் கோலாலேயே அளக்கின்றனர்.

முடிவுரை

ஆதலின் இவ்வளவைகள் பிற சமயத்தார் வெளிப்பாட்டைப் பொய்யென நிறுவும் கருவிகளாகா. தன் அனுபவத்தில் ஐயமும் திரிபும் உளவோ என ஒருவர் தம்மைத்தாமே ஆராய்தற்கு அவை பெரிதும் பயன்படும். இறைவெளிப்பாட்டைக் கற்கும் மாணவர்க்கு இத்தற்சோதனையே முதற்கண் வேண்டப்படும் அறமாகும்.