அயலாரின் வெறும் பாத்திரங்கள்



எலிசேயு தீர்க்கதரிசியின் காலத்தில் வாழ்ந்த ஒரு விதவையின் வரலாறு அரசராகமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவளுடைய புருஷன் தெய்வபயமுள்ளவன். ஆனால் கடனை வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நின்றான். அவள் தீர்க்கதரிசியிடம் ஓடி வந்து அழுதாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். கொஞ்சம் எண்ணெயைத் தவிர வேறொன்றுமில்லை என்றாள். அப்பொழுது தீர்க்கதரிசி தம் மடியிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. அயல்வீட்டாரிடம் போய் வெறும் பாத்திரங்களை, அதுவும் ஏராளமாக, இரவல் வாங்கி வரச் சொன்னார். அவள் அப்படியே செய்து, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை வார்த்தாள். பாத்திரங்கள் எல்லாம் நிறைந்தன. வேறு பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னதும் எண்ணெய் நின்றுபோயிற்று. அதை விற்றுக் கடனை அடைத்தாள். மீதியைக் கொண்டு பிள்ளைகளோடு பிழைத்தாள்.

இந்த வரலாற்றில் நாம் சாதாரணமாய்த் தீர்க்கதரிசியின் புதுமையைத்தான் பார்க்கிறோம். பாத்திரம் கொடுத்த அயல்வீட்டாரை நினைப்பதில்லை. சர்வேசுரன் அந்த எண்ணெயை எவ்வளவு வேண்டுமானாலும் பெருகச் செய்திருக்கலாம். ஆனால் அயலார் கொடுத்த பாத்திரங்களின் அளவுக்கே அவர் பெருகச் செய்தார். ஆகையால், ஏழையின் கடனைத் தீர்ப்பதற்குத் தேவனுடைய கிருபையோடு தெருவிலுள்ள அத்தனை வீடுகளும் வேண்டியிருக்கின்றன என்பது தெளிவு.

இதை இன்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தவறு ஒன்றை உங்கள் முன்பாக ஒத்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தத் தாயாரின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். ஆயினும் பெயரும் தெருவும் சொல்லமாட்டேன். அவர் யாரென்று தேட வேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளுகிறேன்.

புருஷனுடைய நோய்க்காகவும் அடக்கச் செலவுக்காகவும் அந்தத் தாயார் 20,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தார். நூறு ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். அதாவது மாதந்தோறும் 2,000 ரூபாய் வட்டி. ஒருநாள் காலைப் பூசைக்குப்பின் கஷ்டம் என்று அவர் வந்தபோது, ஏழைகள் உண்டியலிலிருந்து 2,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. சில மாதம் கழித்து மறுபடியும் வந்தார், கொடுத்தேன். மூன்றாம் முறையும் கொடுத்தேன். அந்தப் பணம் அரிசிக்கும் போகவில்லை, பிள்ளைகளின் படிப்புக்கும் போகவில்லை. கோவில் வாசலைத் தாண்டியதும் வட்டிக்காரர் கைக்குப் போயிற்று என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது. நான் ஏழைக்குத் தர்மம் கொடுத்ததாக எண்ணினேன். உண்மையில் வட்டிக்காரருக்கு மூன்று மாத வட்டி கட்டியிருக்கிறேன்!

அப்புறம் அவர் பூசைக்கு வருவது நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "சாமி, திருவிழா வரி பாக்கி வச்சிருந்தேன். கோவிலுக்கு வந்தா ஆளுங்க கேட்பாங்க. அதனால அதே ஆளுகிட்டே இன்னும் 1,500 வாங்கி வரியைக் கட்டிட்டேன். இப்போ அவர் கண்ணிலே படாம இருக்கணும்னா கோவிலுக்கு வர முடியாது. அவரும் நம்ம கோவில்தானே, சாமி" என்றார். பெட்டியைத் திறந்து ரசீதையும் எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது என் கையெழுத்து.

பிரியமான சகோதரரே, சகோதரிகளே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வானவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு விதவையின் வீட்டில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இப்படிக் கொண்டாடுவதை நம் பாதுகாவலரான அர்ச்சிஷ்டவர் மோட்சத்திலிருந்து மகிழ்ச்சியோடு பார்த்திருப்பாரா?

நம் ஊர்த் தரித்திரத்துக்குக் காரணம் பல உண்டு. வேலையின்மை உண்டு, குடி உண்டு, நோய் உண்டு. ஆனால் ஒரு குடும்பம் இவற்றிலிருந்து எழுந்திருக்க முயலும்போதெல்லாம் அதன் காலைப் பிடித்துக் கீழே இழுப்பது வட்டி. 18 மாதத்தில் அந்தத் தாயார் 36,000 ரூபாய் கட்டிவிட்டார். வாங்கிய 20,000 அப்படியே நிற்கிறது. 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்கு இரையானதை நாம் மறந்துவிட்டோமா? கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தண்டலும் குற்றம் என்று தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் சட்டம் வந்து 5,000 ரூபாய் கடன் கொடுக்குமா? வட்டிக்காரர் கொடுப்பார். அதுதான் அவருடைய பலம்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. பங்கு மக்களே அதைக் கண்டுபிடித்துச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

கனடா தேசத்தில், கியூபெக் மாகாணத்தில், லெவி என்னும் ஊரில் அல்போன்ஸ் தெஷார்தேன் என்ற கத்தோலிக்கர் ஒருவர் இருந்தார். பாராளுமன்றத்தில் பிரெஞ்சு மொழிச் சுருக்கெழுத்தாளராக வேலை செய்தவர். 1897-ம் ஆண்டு அங்கே ஓர் உறுப்பினர் பேசியதை அவர் கேட்டார்: 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் 5,000 டாலர் வட்டி கட்ட வேண்டியதாயிற்று என்பதே அந்தப் பேச்சு. அது அவர் நெஞ்சில் தைத்தது. 1900-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தம் ஊராரைக் கூட்டி, மக்களே சேமித்து மக்களே கடன் பெறும் சங்கம் ஒன்றை அமைத்தார். 1901-ம் ஆண்டு ஜனவரி மாதம் முதன்முதல் பணம் வாங்கிய நாளில் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட் மாத்திரமே. அன்று முதலாவதாக வைக்கப்பட்ட சேமிப்பு 10 சென்ட். அவர் வேலையாகத் தலைநகரில் இருந்த மாதங்களில் அவருடைய மனைவி தோரிமேன் அம்மாள் வீட்டில் இருந்தபடியே சங்கத்தின் கணக்குகளைப் பார்த்து நடத்தி வந்தார்.

அவர் சங்கத்துக்கு எல்லையாகப் பங்கையே வைத்தார். ஏனெனில் ஒரே கோவிலுக்கு வருகிறவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். யார் உழைப்பாளி, யாருடைய வார்த்தை நிற்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஏழையிடம் நகை இல்லாவிட்டாலும் நாணயம் உண்டு. அந்த நாணயத்தையே ஈடாக ஏற்றுக்கொள்ள அயலாரால்தான் முடியும். 1920-ம் ஆண்டு அவர் இறக்கும்போது அப்படிப்பட்ட சங்கங்கள் கியூபெக்கில் பங்கு பங்காகப் பரவியிருந்தன.

நம் இந்திய நாட்டிலும் இது நடந்திருக்கிறது. ராஞ்சிப் பகுதியில் முண்டா, உராவோன் மக்கள் கடனுக்காக நிலத்தை இழந்துகொண்டிருந்த நாட்களில், ஜெர்மானியரான சேசுசபைக் குரு ஹாஃப்மன் சுவாமியார் அவர்களோடு வாழ்ந்தார். அவர்களுடைய நிலத்தைக் காக்கும் 1908-ம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டம் மாத்திரம் போதாது என்று கண்டு, 1909-ம் ஆண்டு கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். 1915-ம் ஆண்டு, முதல் உலகப் போர்க் காலத்தில், அவர் ஜெர்மானியர் என்பதற்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். ஆனால் சங்கம் அவரோடு போய்விடவில்லை. அது சுவாமியாரின் சங்கமாக இராமல் மக்களின் சங்கமாக இருந்தபடியால் நிலைத்தது. மேற்றிராணியார் என்னையும் ஒருநாள் மாற்றுவார். என்னோடு போய்விடும் காரியம் எதையும் இங்கே தொடங்க நான் விரும்பவில்லை.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். நம் பங்கில் ஏறக்குறைய 300 குடும்பங்கள். அதில் 200 குடும்பங்கள் வாரம் 50 ரூபாய் சேமித்தால் வாரத்துக்கு 10,000. ஆண்டுக்கு 5,20,000 ரூபாய். இது தர்மம் அல்ல. அவரவர் பணம் அவரவர் கணக்கில் இருக்கும். அந்தத் தாயார் இதிலிருந்து 20,000 ரூபாயை மாதம் ஒரு சத வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 ரூபாய் முதலும் மீதிக்கு வட்டியுமாகக் கட்டினால், முதல் மாதம் 1,200 ரூபாய் ஆகும். பிறகு குறைந்துகொண்டே வரும். 20 மாதத்தில் கடன் தீரும். கட்டிய வட்டி முழுவதும் 2,100 ரூபாய். இப்போது அவர் ஒரே மாதத்தில் கட்டும் வட்டி ஏறக்குறைய இவ்வளவுதான்! இதற்குப் புதுமை வேண்டுமா? பாத்திரம்தான் வேண்டும்.

தர்மம் வேண்டாமென்று சொல்கிறேனோ? இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரையும் அநாதைப் பிள்ளையையும் சங்கத்தில் சேமிக்கச் சொல்வது நியாயமல்ல. அவர்களுக்காகப் பிடி அரிசி தொடரட்டும்; வின்சென்ட் தே பவுல் சபையாரின் வீடு சந்திப்பும் தொடரட்டும். ஆனால் கை கால் உள்ளவனுக்கு வேண்டியது பிச்சையல்ல. கழுத்திலுள்ள கயிற்றை அறுப்பது.

ஆகையால் சில காரியங்களைத் திட்டமாய்ச் சொல்லுகிறேன்.

முதலாவது, இந்த ஆண்டு முதல் திருவிழாவுக்கு வரி கிடையாது. மனமுவந்து கொடுக்கும் காணிக்கை மாத்திரமே. வருகிறதற்குள் செலவை அடக்குவோம். வாணம் குறைந்தால் குறையட்டும். பாக்கிப் பட்டியலை நானே கிழித்துவிட்டேன்.

இரண்டாவது, வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் மண்டபத்தில் கூடுவோம். அப்போஸ்தலர் காலத்தில், அன்றாடப் பங்கீட்டில் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் பொறுப்பைத் தாங்களே வைத்துக்கொள்ளாமல், நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடம் சொன்னார்கள். அப்படியே நீங்களும் எழுவரைத் தெரிந்தெடுங்கள். மூன்று பேராவது பெண்களாக இருக்கட்டும். வட்டியின் பாரம் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கமாகச் சட்டப்படி பதிவு செய்த பிறகே பணம் வாங்க வேண்டும். கோவில் பணம் வேறு, சங்கப் பணம் வேறு. நான் கணக்கைத் தொடமாட்டேன். ஆனால் என் 50 ரூபாயையும் வாரந்தோறும் கட்டுவேன். நம் தெருக்களில் வாழும் இந்து, முஸ்லிம் சகோதரர்களுக்கும் இடம் உண்டு. பாத்திரம் கொடுத்த அயலாரின் வேதம் என்னவென்று அந்த விதவை விசாரித்ததாக எழுதப்படவில்லை.

மூன்றாவது, இழவு வீட்டில் சாப்பாட்டுக்காகக் கடன் வாங்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். அன்றைய உணவை அந்த அன்பியத்தாரே கொண்டுபோகட்டும்.

கடைசியாக, வட்டிக்குக் கொடுக்கும் சகோதரரே, உமக்கும் ஒரு வார்த்தை. நீரும் இந்த மந்தையின் ஆடுதான். உம்மை அவமானப்படுத்த நான் விரும்பவில்லை. உமக்கும் பிள்ளைகள் உண்டு. உமக்கும் ஒரு நாள் தீர்வை உண்டு. சக்கேயு தன் வீட்டில் சேசுநாதரை ஏற்றுக்கொண்ட நாளில் என்ன செய்தான் என்று நினைத்துப்பாரும். கொடுத்த முதலுக்கு மேல் எத்தனையோ மடங்கு வாங்கிவிட்ட கணக்குகளை இந்தத் தபசு காலத்துக்குள் மூடிவிடும். என் அறைக் கதவு எந்த இரவிலும் உமக்குத் திறந்திருக்கும்; பாவசங்கீர்த்தனத் தொட்டியும் அப்படியே.

அந்தத் தாயார் மறுபடியும் பூசைக்கு வர வேண்டும். பயமில்லாமல் முன்வரிசையில் பிள்ளைகளோடு முழந்தாளிட வேண்டும். அதுவே நம் உண்மையான திருவிழா. விதவையின் காசைக் கண்ணோக்கிய நம் ஆண்டவர், நம் ஒவ்வொரு வீட்டின் வெறும் பாத்திரத்தையும் தம் கிருபையால் நிரப்புவாராக. தேவமாதா நமக்காக மன்றாடுவாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு