கடைசிச் சொல்

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் அம்மாவின் குரல் தனியாகக் கேட்கும். கூடைக்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொன்னாலும் ஏலக்காரரை விடமாட்டாள். அதே அம்மா, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கியதும் வேறொருத்தி ஆகிவிடுவாள்.

அப்பாவைத் தெருவே கொண்டாடியது. கல்யாணமோ சாவோ, முதல் ஆளாக நிற்பார். கடன் வாங்கியாவது மொய் எழுதுவார். ஒருநாள் மீன் அரியும்போது அம்மாவின் உள்ளங்கை கிழிந்து தையல் போட்டார்கள். அன்று மாலை அப்பா முன்னின்று நடத்திய விழாவுக்கு அவளால் போக முடியவில்லை. "நாலு பேர் முன்னாடி என் மானம் போச்சு" என்று மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை அவர். நான்காம் நாள் கேட்டார்: "தப்பு உன் மேலதானே?" அம்மா சொன்னாள்: "என் மேலதான்." பதினைந்து வயதில் நானும் அதை நம்பினேன். "நீ போயிருக்கலாமேம்மா" என்றேன்.

பிறகு படிக்கப்போன இடத்தில் 'நார்சிசிசம்' என்ற சொல் கிடைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் கையேட்டில் இதை ஓர் ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தது. இன்றைய கையேட்டில் ஒன்பது அறிகுறிகள்: ஓயாமல் பாராட்டை எதிர்பார்ப்பது, தனக்குத் தனிச் சலுகை உண்டென நினைப்பது, பிறர் வலியை உணராதது என்று பட்டியல் நீளும். ஐந்தாவது பொருந்த வேண்டும். அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் விரல்விட்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும் நிம்மதி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும். கோளாறு என்றால் அவர் செய்ததற்கு அவர் பொறுப்பில்லையா?

இன்னொரு சிக்கலும் உண்டு. விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறேன் என்றபோது, "உனக்கு உன்னைப் பத்தி மட்டும்தான் நினைப்பு" என்றார்கள் வீட்டில். தனக்கென்று எதையாவது கேட்கும் பெண்மேல் இந்தப் பட்டம் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது!

நார்சிசஸ் கதையில் எல்லோரும் குளத்தில் தன் முகத்தைப் பார்த்து மயங்கியவனையே பார்க்கிறோம். அவனைக் காதலித்த எக்கோவை மறந்துவிடுகிறோம். சொந்தமாகப் பேச முடியாதபடி சபிக்கப்பட்டவள் அவள். பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டுமே அவளால் திருப்பிச் சொல்ல முடியும். "என் மேலதான்."

நம் பக்கத்தில் இருப்பவரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி இதுதான்: அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தேடுவதைவிட, அவர் முன்னால் நம் குரல் என்ன ஆகிறது என்று கவனிப்பது. பேசுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்கிறோமா? நமக்கு அடிபட்டாலும் அவரைத்தான் தேற்ற வேண்டியிருக்கிறதா? ஒருநாள் அப்படி நடந்தால் அது கோபம். வருஷக்கணக்கில் நடந்தால் அது வேறு.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இந்தப் பக்கமிருந்துதான் பார்க்கிறது. ஒருவருக்கு என்ன ஆளுமை என்று அது கேட்பதில்லை. என்ன செய்தார் என்றே கேட்கிறது. அவமதிப்பதையும் இழிவாகப் பேசுவதையும் வன்முறையில் சேர்க்கிறது. நோயின் பெயர் தெரியாமலேயே செயலுக்குப் பெயர் சொல்லலாம், பொறுப்பும் கேட்கலாம்.

அப்பாவுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியாது. போன மாதம் அம்மாவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். நான் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். தழும்பைத் தடவிக்கொண்டே சற்று நேரம் இருந்தாள்.

"கை ரொம்ப வலிச்சுதுடி. யாருமே கேக்கல" என்றாள்.