உழவனும் அஹிம்சையும்

கொல்லாமையைத் தலையாய தர்மமாகக் கொண்டாடிய நம் தேசத்தில், அந்தத் தர்மத்துக்குப் பெருஞ்சங்கடம் விளைவித்தவன் வேடனல்லன்; உழவனே. வேடனைக் கண்டித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். உழவனைக் கண்டித்தவனோ மத்தியானத்தில் அவன் விளைவித்த அன்னத்தையே உண்ண வேண்டியிருந்தது. இரும்புமுனைக் கலப்பை பூமியையும் அதிலுள்ள பிராணிகளையும் வதைக்கிறதென்று மனுஸ்மிருதி விவசாயத்தைக் குறை கூறிற்று. வள்ளுவரோ கொல்லாமைக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, இரண்டையும் ஒரே நூலில் உயர்த்திப் பேசினார். சமண ஆசாரியர்கள், கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தான் அறவே துறக்க வேண்டுமென்றும், ஜீவனத்துக்கான தொழிலில் விலக்கவொண்ணாமல் நேருவதை இயன்றமட்டும் குறைக்க வேண்டுமென்றும் பாகுபடுத்தினார்கள்.

இந்தப் பாகுபாட்டைப் பூச்சிமருந்து குலைத்துவிட்டது. ஏரோட்டுகையில் மண்புழு அறுபடுவது தற்செயல், மருந்திடுவதோ கொல்வதற்கென்றே. ஆனால் அதுவும் ஜீவனத்தின் பொருட்டே நிகழ்கிறது. அன்றியும், வேரைத் தின்னும் ஒரு புழுவின் பொருட்டு வயல் முழுவதும் குருணை மருந்தைத் தூவும்போது, அந்தப் புழுவோடு எத்தனையோ நிரபராதிகளும் மடிகின்றன.

கென்யாவில் நடந்துவரும் ஒரு முயற்சி இவ்விடத்தில் சிந்திக்கத் தக்கது. நம் நீலகிரியில் 1961-இலேயே அடையாளங் காணப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு, அங்கே 2015-இல் கண்டறியப்பட்டது. பெண்புழு மாண்டபின் அதன் தோலே கெட்டித்து ஒரு கூடாகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பல்லாண்டுகள் மண்ணில் காத்து நிற்கிறது. அருகில் உருளைக்கிழங்கின் வேர் கசியவிடும் ரசம் எட்டினாலன்றி அம்முட்டைகளில் பெரும்பாலானவை பொரிவதில்லை. ஆராய்ச்சியாளர்கள் வாழைநாரில் தாள் செய்து, மண்வாழ் நுண்ணுயிரொன்று தரும் அபாமெக்டின் என்ற மருந்தைச் சொற்ப அளவில் அதில் ஏற்றி, விதைக்கிழங்கை அத்தாளில் சுற்றி நடச் செய்தார்கள். மருந்து வேரின் பக்கத்திலேயே மெல்ல மெல்லக் கசிகிறது. தாள் மக்கி மண்ணாகிறது. 2022-இல் வெளியான அவர்களது ஆய்வு இதனினும் வியப்பான செய்தியொன்றைச் சொல்லிற்று: வேரின் ரசத்திலுள்ள முக்கியமான பொருளைத் தாளே உறிஞ்சிக்கொள்வதால், புழுவுக்கு வேர் இருக்குமிடம் தெரிவது தடைப்படுகிறது.

துளி விஷமும் விஷந்தானே, அளவு குறைந்ததனால் கொலை தர்மமாகிவிடுமோ என்று கேட்பாருண்டு. ஆகாது, சொற்பம் என்பது ஒருபோதும் புண்ணியத்துக்குப் பரியாயமல்ல. ஆயினும் இங்கே மாறியிருப்பது அளவு மாத்திரமன்று. சமண ஆசாரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது, உயிர் பிரிவதைச் சொல்வதற்கு முன்பே, அதற்குக் காரணமான அஜாக்கிரதை நிரம்பிய நடத்தையைச் சொல்லிவைத்தார். வயலெங்கும் தூவுகிறவனுக்கு எதைப்பற்றியும் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சுற்றி நடும் முறையை வகுத்தவர்களோ, இந்த ஜீவன் எங்கே உறங்குகிறது, எதனால் விழிக்கிறது, எதைத் தேடி வருகிறது என்பதையெல்லாம் பொறுமையோடு விசாரித்தறிய வேண்டியிருந்தது. பகைவனின் வாழ்வை இவ்வளவு சிரத்தையோடு அறிந்தவனால்தான், கொல்வதற்குப் பதிலாக மறைத்துக்கொள்ளவும் ஒரு வழியுண்டு என்று கண்டுகொள்ள முடிந்தது.

துறவிக்கு அஹிம்சை ஒரு விரதம். ஏரைக் கைவிட முடியாத இல்லறத்தானுக்கோ அது ஒரு விசாரணை. குறைத்துக் கொன்றோம் என்று அவன் திருப்தியடைந்துவிட்டால், அந்த நிமிஷமே பழைய அஜாக்கிரதை திரும்பிவிடும். மருந்தேற்றிய தாள் போதுமென்று நின்றுவிடாமல், மருந்தேற்றாத தாளைக்கொண்டு எவ்வளவு சாதிக்கலாமென்று அடுத்த பருவத்திலும் கேட்பவனே, கொல்லாமை அதிகாரத்தையும் உழவு அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தவனாவான்.