ஒரு நிமிடத்தின் விலை

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 50 சி.சி. ஸ்கூட்டரின் வேகத்தை மணிக்கு 45 கிலோமீட்டருக்குள் சட்டம் நிறுத்துகிறது. இளைஞர் சிலர் அத்தடையை நீக்கி, 70 சி.சி. சிலிண்டரும் பொருத்துகின்றனர். வேகத்தை விரும்புவது தவறா? விருப்பத்தில் தவறில்லை, கிடைக்கும் பயனை மிகையாக எண்ணி மயங்குவதே தவறு.

வேகம் இருமடங்கானால், காற்றை எதிர்த்துச் செல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே எஞ்சினின் திறன் 40 விழுக்காடு கூடினாலும், 60 கிலோமீட்டர் வேகம் ஏறத்தாழ 67 ஆகவே உயரும். பத்துக் கிலோமீட்டர் பயணத்தில் மிஞ்சுவது ஒரே நிமிடம். ஆனால் வண்டியை நிறுத்தும்போது பிரேக் தாங்கவேண்டிய ஆற்றலோ கால் பங்கு மிகுகிறது. பிரேக் மட்டும் பழையதே.

இலாபத்தைக் கணக்கிடும் நாம், இழப்பு யாரைச் சேரும் என்று கேட்பதில்லை. மிஞ்சும் நிமிடம் ஓட்டுபவருக்கு. உரிய இடத்தில் நில்லாத வண்டியின் முன் அகப்படுபவரோ, சாலையைக் கடக்கும் முதியவர். அவருடைய இசைவை நாம் பெறவில்லை. பிறர் உயிரைப் பணயம் வைத்து ஒரு நிமிடத்தை ஈட்டும் உரிமை நமக்கு உண்டா? வண்டியில் கைவைக்குமுன் சிந்திப்போம்.