தேய்ந்த எஞ்சினும் நாகசேனரின் தேரும்

பழைய அம்பாஸடர் காரின் 1489 சி.சி. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் ஓயாது ஏறியிறங்கிய சிலிண்டர்ச் சுவர், ரிங்குகள் திரும்பும் மேற்பகுதியிலேயே மிகுதியாகத் தேய்ந்து, வட்டமென்னும் தன் ஸ்வரூபத்தை இழந்திருப்பதையும், அதற்குச் சற்று மேலே தேயாத விளிம்பொன்று நகத்தில் தட்டுப்படுவதையும் காணலாம். இந்தப் பள்ளத்தை நிரப்புவாரில்லை. பட்டறைக்காரர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, 30 பங்கு என்று கடைந்து, வட்டம் மீளும்வரை நல்ல இரும்பையும் சேர்த்தே களைந்து, பெருத்த துளைக்கேற்ற பிஸ்டனைப் போடுகிறார். கடைய இடமில்லாவிட்டால் ஸ்லீவ் இறக்குகிறார்.

அப்போதும் அது பழைய எஞ்சின்தானா? சக்கரமும் அச்சும் நுகமும் தேரல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேரில்லை, தேரென்பது வியவஹார நாமமே என்று மிலிந்தன் என்ற யவன அரசனுக்குப் பௌத்த பிக்கு நாகசேனர் உணர்த்தியதாக மிலிந்த பஞ்ஹம் என்ற பௌத்த நூல் கூறுகிறது. வண்டிப் பதிவேடோ, பிளாக்கிலுள்ள எண் மாறாதவரை அது அதே எஞ்சின்தான் என்று சாதிக்கிறது. ஆத்மவாதிகளுக்கு இத்தனை மலிவான பிரமாணம் வேறெங்கும் கிடையாது!

எனக்கோ, எண்ணைக் காட்டிலும் ஹோனிங் வேலையே விசாரத்துக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. கடைந்த சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக விட்டால் எண்ணெய் தங்காது, ரிங்குகளும் சரிவரப் படியா. ஆகையால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நுண்ணிய கீறல்களைக் கல்லால் வேண்டுமென்றே இடுகிறார்கள். பூர்ணமென்றால் கீறலே அற்றது என்ற நம் சம்பிரதாயக் கற்பனைக்கு இது சங்கடந்தான். அக்கீறல்களின் கூர்முனைகளும் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் ரிங் உரசித் தேய்ந்து சமமாக வேண்டியிருப்பதால்தான், போரிங் முடிந்த வண்டியைத் தொடக்கத்தில் விரட்டாதீர்கள் என்று மெக்கானிக்குகள் படித்துப் படித்துச் சொல்கிறார்கள்.